கதிரை இல்லாத கடைகள்: ஒரு சிரிப்புப் படமும் எங்கள் பிள்ளைகளின் வேலையும்

பிற்பகல் இரண்டரை மணியளவில் வெள்ளவத்தைக் காலி வீதியில் ஏதாவது ஒரு புடவைக்கடைக்குள் நுழைந்து பாருங்கள். பாடசாலை வான்களின் இரைச்சல் அடங்கியிருக்கும். அலுவலகம் விட்டு வருபவர்களின் கூட்டத்துக்கு இன்னும் மூன்று மணித்தியாலம் இருக்கும். வாடிக்கையாளர் இரண்டு பேர் என்றால் விற்பனைக்கு நிற்பவர்கள் எட்டுப் பேர். ஒருவர் ஏற்கெனவே மடித்த சேலையை விரித்து மறுபடி மடிப்பார். இன்னொருவர் தூசியில்லாத கண்ணாடியைத் துடைப்பார். சும்மா நிற்பதாகக் கமராவில் தெரியக்கூடாது. ஒரு கால் வலித்தால் பாரத்தை மற்றக் காலுக்கு மாற்றிக்கொள்வார்கள். காசு மேசைக்குப் பின்னால் ஒரேயொரு கதிரை இருக்கும். அது முதலாளியுடையது.

அந்த எட்டுப் பேரிடமும் ஊரைக் கேட்டால் முல்லைத்தீவு, கிளிநொச்சி, மட்டக்களப்பு, அப்புத்தளை என்று இலங்கைத் தமிழர் வரைபடத்தின் பெரும்பகுதி வந்துவிடும். கொட்டாஞ்சேனையிலும் இதே கதைதான். புறக்கோட்டையிலும் செட்டியார் தெருவிலும் இதே கதைதான். போருக்குப் பிந்திய எமது சமூகம் குறித்துக் கட்டுரைகளும் அறிக்கைகளும் ஏராளம் வந்துவிட்டன. காணி, காணாமல் ஆக்கப்பட்டோர், அரசியல் கைதிகள், நுண்கடன் எல்லாம் அவற்றில் இருக்கின்றன, இருக்கவும் வேண்டும். ஆனால் 2009இல் பதுங்குகுழிக்குள் குழந்தைகளாக இருந்தவர்கள் இன்று ஒரு கடைக்குள் பத்து மணித்தியாலம் நின்றபடி என்ன நினைக்கிறார்கள் என்பதை யாரும் எழுதுவதில்லை. அலுப்பு ஒரு செய்தியல்ல என்று நாங்கள் முடிவு செய்துவிட்டோம்.

அது செய்திதான் என்று எனக்கு உணர்த்தியது ஓர் அமெரிக்கச் சிரிப்புப் படம்.

சூயிங்கம் அடைத்த பூட்டு

1994இல் வந்த 'கிளார்க்ஸ்' படத்தை ஊடகக் கற்கை வகுப்பொன்றில்தான் முதலில் பார்த்தேன். எடுத்தவர் கெவின் ஸ்மித். அப்போது அவருக்கு வயது 23. நியூ ஜேர்சி மாநிலத்தின் லெனார்டோ என்ற சிறிய இடத்தில் 'குவிக் ஸ்டொப்' என்ற பலசரக்குக் கடையில் வேலை செய்துகொண்டிருந்தார். பகலில் கடையில் நிற்பார். இரவு கடை பூட்டிய பிறகு அதே கடைக்குள் நண்பர்களோடு படம் எடுப்பார். செலவு 27,575 டொலர். கடனட்டைகளை வழித்துத் துடைத்தும், தான் சேர்த்து வைத்திருந்த சித்திரக்கதைப் புத்தகங்களை விற்றும் அந்தப் பணத்தைத் திரட்டினார். ஹொலிவூட் கணக்கில் அது சாப்பாட்டுச் செலவுக்கும் காணாது. நிறப் படத்துக்கு வசதியில்லாததால் கறுப்பு வெள்ளை.

படத்தின் கதை ஒரு நாள்தான். டான்டே என்ற இளைஞனுக்கு அன்று விடுமுறை. இன்னொருவர் வராததால் முதலாளி அவனை அழைக்கிறார். வந்து பார்த்தால் கடையின் இரும்புத் தட்டிகளைத் திறக்க முடியவில்லை. பூட்டுக்குள் யாரோ சூயிங்கம் அடைத்துவிட்டார்கள். ஆகவே ஒரு துணியில் சப்பாத்து மையால் கடை திறந்துதான் இருக்கிறது என்று எழுதித் தொங்கவிடுகிறான். உண்மையில் அந்தச் சூயிங்கம் ஒரு தயாரிப்புத் தந்திரம். படமெடுத்தது இரவில், கதை நடப்பதோ பகலில். தட்டி திறந்தால் வெளியே இருட்டுத் தெரிந்துவிடும். பணமில்லாதவனின் புத்தி எப்படி வேலை செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

பிறகு நாள் முழுக்க என்ன நடக்கிறது? பெரிதாக ஒன்றுமில்லை. ஆட்கள் வருகிறார்கள், முட்டாள்தனமான கேள்விகள் கேட்கிறார்கள், போகிறார்கள். பக்கத்து வீடியோக் கடையில் வேலை செய்யும் ராண்டல் தன் கடையைப் போட்டுவிட்டு இங்கே வந்து அரட்டையடிக்கிறான். பொழுது போகவில்லை என்று கூரைக்கு ஏறி ஹொக்கி விளையாடுகிறார்கள். கடையைப் பூட்டிவிட்டு ஒரு செத்தவீட்டுக்குப் போய் அங்கேயும் குழப்பம் விளைவிக்கிறார்கள். இன்றைக்கு நான் இங்கே இருக்கவேண்டியவனே இல்லை என்று டான்டே படம் முழுக்கப் புலம்புகிறான். கடைசியில் ராண்டல் அவனை நேருக்கு நேர் கேட்கிறான்: பிடிக்கவில்லை என்றால் விட்டுவிட்டுப் போகவேண்டியதுதானே, யார் உன்னைப் பிடித்து வைத்திருக்கிறார்கள்?

அந்தப் படம் 1994இல் சண்டான்ஸ் விழாவில் விருது பெற்றது, கான் விழாவிலும் பேசப்பட்டது. அமெரிக்காவில் மட்டும் மூன்று மில்லியன் டொலருக்கு மேல் வசூலித்தது. 2019இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் பாதுகாக்க வேண்டிய படங்களின் பட்டியலில் அதைச் சேர்த்தது. அதன் பேச்சு பச்சைப் பேச்சு. குடும்பத்தோடு பார்க்கக்கூடிய படமல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். வன்முறையோ நிர்வாணமோ திரையில் இல்லாதபோதும் பேச்சுக்காக மட்டுமே தணிக்கைக் குழு முதலில் அதற்கு மிகக் கடுமையான வயதுத் தடையை விதித்தது. மேன்முறையீட்டில்தான் அது தளர்ந்தது.

ஒரு விடயம் பலருக்குத் தெரியாது. முதலில் எடுத்த முடிவில் டான்டே சாகிறான். கடை பூட்டும் நேரத்தில் ஒரு கொள்ளையன் வந்து சுட்டுவிட்டுப் போகிறான். பார்த்தவர்கள் அது வேண்டாம் என்று சொன்னதால் ஸ்மித் அந்தக் காட்சியை வெட்டினார். வெட்டியதால்தான் அது சிரிப்புப் படமாக நின்றது. கடையில் நிற்கும் ஒருவன் நாளைக்கும் உயிரோடு அதே கடைக்கு வருவான் என்ற நம்பிக்கை இருந்தால்தான் அவனுடைய அலுப்பைப் பார்த்துச் சிரிக்க முடியும்.

ரங்கநாதன் தெருவில் ஏன் சிரிக்க முடியவில்லை

தமிழில் கடைத் தொழிலாளர் என்றவுடன் நினைவுக்கு வருவது வசந்தபாலனின் 'அங்காடித் தெரு'. 2010 மார்ச்சில் வெளியானது. வசனம் ஜெயமோகன். தயாரித்தது லண்டனைத் தளமாகக் கொண்டு ஈழத் தமிழர் ஒருவர் தொடங்கிய ஐங்கரன் நிறுவனம். போர் முடிந்து ஓராண்டுகூட ஆகாத நேரத்தில் புலம்பெயர்ந்த தமிழரின் முதலீடு சென்னை தியாகராய நகரின் புடவைக்கடைப் பிள்ளைகளைப் பற்றிய படத்துக்குப் போனது என்பது தற்செயல்தான். ஆனாலும் அந்தப் படத்தை எங்கள் ஆட்கள் தங்கள் கதையாகவே பார்த்தார்கள்.

பன்னிரண்டாம் வகுப்பில் முதலிடம் பெற்ற லிங்கு, தகப்பன் ரயில் கடவையில் இறந்ததால் திருநெல்வேலிப் பக்கத்து ஊரிலிருந்து சென்னைக்கு வருகிறான். கடையே அவனுக்கு வேலையிடம், கடையே உணவு, கடையே படுக்கை. மேற்பார்வையாளர் அடிக்கிறார். பெண் பிள்ளைகளிடம் அத்துமீறுகிறார். ஒரு பெண் உயிரை விடுகிறாள். கனியும் லிங்குவும் காதலித்ததற்காகத் தெருவுக்கு வந்து, நடைபாதையில் படுத்திருந்தபோது லொறி ஏறிக் கனி தன் கால்களை இழக்கிறாள். நண்பன் மாரிமுத்துவின் பகிடிகள் முதல் பாதியில் இருக்கின்றன. பின்பாதியில் சிரிப்பதற்கு வழியில்லை.

இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு வித்தியாசம் தெரியும். டான்டே வேலை முடிந்து வீட்டுக்குப் போவான். லிங்குவுக்குப் போவதற்கு வீடு இல்லை. முதலாளி கண்ணில் படாத கடையில் டான்டே கூரைக்கு ஏறி விளையாடலாம். லிங்குவின் தலைக்கு மேல் எப்போதும் ஒரு கண் இருக்கிறது. ராண்டல் கேட்ட கேள்வியை, விட்டுவிட்டுப் போகவேண்டியதுதானே என்பதை, லிங்குவிடம் கேட்டால் அது கொடுமையான பகிடியாகிவிடும். இரண்டு தங்கச்சிமாரையும் தாயையும் ஊரில் விட்டு வந்தவனுக்கு அலுத்துக்கொள்வதற்குக்கூட நேரமில்லை. அலுப்பு என்பது ஒரு வகையில் வசதி. உயிரும் இருப்பிடமும் அடுத்த மாதச் சம்பளமும் உறுதியாக இருப்பவன்தான் அலுத்துக்கொள்ளலாம்.

கொழும்பில் கடை என்பது ஒரு விலாசம்

எங்கள் நிலைமை இவ்விரண்டுக்கும் இடையில் வேறொரு இடத்தில் இருக்கிறது. கொழும்பில் தமிழருக்குக் கடை என்பது வெறும் வியாபாரமாக ஒருபோதும் இருந்ததில்லை. 1983 ஜூலையில் வெள்ளவத்தையிலும் புறக்கோட்டையிலும் முதலில் தேடி எரிக்கப்பட்டவை கடைகள்தான். எரிந்த இடத்திலேயே சிலர் திரும்பவும் கட்டினார்கள். இன்று காலி வீதியின் இரு பக்கமும் வரிசையாக நிற்கும் பெயர்ப்பலகைகளுக்குப் பின்னால் அந்தப் பிடிவாதமும் இருக்கிறது.

பிறகு போர்க்காலம். வடக்கிலிருந்து வரும் ஓர் இளைஞன் கொழும்பில் ஏன் நிற்கிறான் என்ற கேள்விக்கு ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் பதில் சொல்லவேண்டியிருந்தது. பொலிஸ் பதிவு வேண்டும், தங்குமிடம் வேண்டும், காரணம் வேண்டும். கடை வேலை அந்தக் காரணத்தைக் கொடுத்தது. நான் இவரிடம் வேலை செய்கிறேன் என்று சொல்ல ஒரு முதலாளி இருப்பது அடையாள அட்டைக்கு அடுத்த அட்டை மாதிரி. 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலை வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளிலிருந்து சுமார் 375 தமிழர்கள் எழுப்பப்பட்டு பஸ்களில் ஏற்றப்பட்டார்கள். பெரும்பாலோரை வவுனியாவுக்குக் கொண்டுபோனார்கள். கொழும்பில் நிற்பதற்குத் தகுந்த காரணம் இல்லை என்பதுதான் சொல்லப்பட்டது. மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல் செய்த மனுவின் பேரில் மறுநாளே உயர் நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது. ஆனால் அந்த இரவு கற்றுக்கொடுத்த பாடம் போகவில்லை. வேலையில்லாத தமிழன் கொழும்பில் சும்மா நிற்க முடியாது.

ஆகவே சும்மா நிற்பதைப் பற்றிய ஒரு நகைச்சுவை எங்களுக்கு ஏன் வரவில்லை என்பது விளங்காத விடயமல்ல. சும்மா நிற்பது ஒரு காலத்தில் கைது செய்யப்படுவதற்கான காரணமாக இருந்தது.

நன்றியும் கணக்கும்

அந்தக் காலத்தில் முதலாளி செய்தது உண்மையில் உதவி. தன் ஊர்ப் பிள்ளை, தன் உறவுக்காரரின் பிள்ளை என்று கூட்டிவந்து சோறும் படுக்கையும் கொடுத்தவர்கள் உண்டு. பிடிபட்டவனை மீட்கப் பொலிஸ் நிலையத்தில் இரவு முழுக்கக் காத்திருந்தவர்களும் உண்டு. அதை மறுப்பது நன்றிகெட்டதனம். ஆனால் போர் முடிந்து பதினாறு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. உதவி என்ற பெயர் மட்டும் அப்படியே இருக்க, அதன் உள்ளே வேலை நேரமும் சம்பளமும் விடுமுறையும் எழுத்தில் இல்லாத ஓர் ஏற்பாடு தொடர்கிறது.

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறுக்குக் காத்திருந்த மாதங்களில் தீபாவளி சீசன் முழுக்கக் கொழும்பில் ஒரு புடவைக்கடையில் நின்றிருக்கிறேன். எந்தக் கடை என்பது முக்கியமில்லை. காலை ஒன்பதிலிருந்து இரவு எட்டரை வரை, வாரத்தில் ஆறு நாள். நியமனக் கடிதம் என்ற சொல்லை அங்கே யாரும் உச்சரித்ததில்லை. சம்பளத்தை முதலாளி கடித உறையில் வைத்துக் கையில் தருவார். அதை எண்ணிப் பார்ப்பது மரியாதையில்லை என்று எனக்கு முன்பே வேலை செய்த அக்கா சொல்லித் தந்தார். மூன்றாவது வாரம் கால்கள் வீங்கின. அந்த அக்கா அங்கே ஆறு வருடம்.

கணக்கைப் பார்ப்போம். 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. நாளுக்கு எட்டு மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்பது அதன் வரம்பு. மேலதிக நேரம் வாரத்தில் 12 மணித்தியாலத்தைத் தாண்டக்கூடாது. அதற்கு ஒன்றரை மடங்கு ஊதியம் கொடுக்கவேண்டும். வாரத்தில் ஒன்றரை நாள் விடுமுறை. நான் நின்ற நேரத்தில் சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் கழித்தால் நாளுக்குப் பத்தரை, வாரத்துக்கு 63. சட்டம் அனுமதிக்கும் உச்சம், மேலதிக நேரத்தோடு சேர்த்து, 57. மேலதிக நேரக் கொடுப்பனவு என்று எனக்கு ஒரு சதமும் வரவில்லை. அதைக் கேட்கலாம் என்பதும் அன்று எனக்குத் தெரியாது.

தேசிய ஆகக்குறைந்த சம்பளம் 2016இல் சட்டமானபோது மாதம் 10,000 ரூபா. 2021இல் 12,500, 2024இல் 17,500, 2025 ஏப்ரலில் 27,000 என்று உயர்ந்தது. 2026 ஜனவரியிலிருந்து 30,000. இதற்கு மேல் தொழில்தருநர் ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதமும் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் கட்டவேண்டும். ஊழியரின் பங்கு 8 வீதம். அதாவது 30,000 ரூபா சம்பளத்தில் மாதம் 6,000 ரூபா அந்தப் பிள்ளையின் சேமலாப நிதிக் கணக்கில் சேரவேண்டும். சாப்பாடும் தங்குமிடமும் தருகிறோமே என்று சொல்லி இவற்றைச் சரிக்கட்டும் வழக்கம் எங்களுக்குள் இருக்கிறது. பத்து வருடம் நின்றுவிட்டுக் கலியாணத்துக்கு ஊருக்குப் போகும் பெண்ணுக்கு ஒரு சேலையும் ஒரு தொகையும் அன்பளிப்பாகக் கொடுத்து அனுப்புவார்கள். அன்பளிப்பு அவளுக்குச் சந்தோசம்தான். ஆனால் கணக்கில் சேர்ந்திருக்கவேண்டிய பணம் அன்பளிப்பல்ல, அவளுடையது.

இதைத் தமிழில் எழுதுவது ஏன் கடினம்? முதலாளியும் எங்கள் ஆள், தொழிலாளியும் எங்கள் ஆள் என்பதால். வெளியிலிருந்து வந்த அநியாயத்தைப் பேச எங்களிடம் சொற்கள் இருக்கின்றன. உள்ளே நடப்பதைப் பேசினால் காட்டிக்கொடுப்பு மாதிரி ஆகிவிடுகிறது. 1983இல் எரிந்த கடையைப் பற்றிப் பேசும்போது அது எங்கள் சொத்து. அந்தக் கடைக்குள் நிற்பவரின் கால் வீக்கத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் அது தனிப்பட்ட வியாபாரமாகிவிடுகிறது. தொழிற்சங்க மேடைகளும் உதவவில்லை. தோட்டமும் ஆடைத் தொழிற்சாலையும் துறைமுகமும் பேசப்படும் அளவுக்கு அங்கே புடவைக்கடை பேசப்படுவதில்லை. எட்டு எட்டுப் பேராகச் சிதறி நிற்பவர்களைச் சங்கமாக்குவது சுலபமல்ல.

ஆனால் முடியாததும் அல்ல. கேரளாவில் கோழிக்கோட்டுக் கடைப் பெண்கள் உட்காரும் உரிமை கேட்டுப் பல ஆண்டுகள் போராடினார்கள். 2018இல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. 2021 செப்டெம்பரில் தமிழ்நாடு சட்டமன்றமும், கடைகளில் வேலை செய்பவர்கள் அனைவருக்கும் இருக்கை வசதி தரவேண்டும் என்று சட்டத்தைத் திருத்தியது. 'அங்காடித் தெரு' வந்து பதினொரு வருடத்துக்குப் பிறகு. ஒரு படம் சட்டத்தைக் கொண்டுவந்தது என்று சொல்லமாட்டேன். கொண்டுவந்தது அந்தப் பெண்களின் போராட்டம். ஆனால் ஒரு தலைமுறை தமிழ்ப் பார்வையாளர்கள் அந்தச் செய்தியைப் படித்தபோது எந்தக் கடை, எந்தக் கால் என்று அவர்கள் கேட்கவேண்டியிருக்கவில்லை. ஏற்கெனவே பார்த்திருந்தார்கள்.

யார் யாரைப் பார்த்துச் சிரிப்பது

அப்படியானால் எங்களுக்கும் இன்னொரு 'அங்காடித் தெரு' வேண்டுமா? வந்தால் நல்லது. ஆனால் எங்கள் துயரத்தைச் சொல்ல எங்களிடம் ஆட்கள் இருக்கிறார்கள். எனக்கு வேண்டியது ஒரு 'கிளார்க்ஸ்'.

எங்களுக்குச் சிரிப்பு புதிதல்ல. 1976இல் வந்த 'கோமாளிகள்' இலங்கைத் தமிழ்ப் படங்களில் மக்கள் தேடிப் போய்ப் பார்த்த படம். இலங்கை வானொலியின் 'கோமாளிகளின் கும்மாளம்' நாடகத்திலிருந்து உருவானது. எழுதியவர் எஸ். ராம்தாஸ். ஒருவர் முஸ்லிம் தமிழில் பேச, ஒருவர் யாழ்ப்பாணத் தமிழில் பேச, ஒருவர் சிங்கள வாடை அடிக்கும் தமிழில் பேச, கொழும்பின் ஒரு தெருவே வானொலிக்குள் வந்துவிட்டது. மரிக்கார் ராம்தாஸ், அப்புக்குட்டி ராஜகோபால், உபாலி செல்வசேகரன் என்று பாத்திரத்தின் பெயர் அவர்களோடு கடைசிவரை ஒட்டிக்கொண்டது. அந்தத் தெரு இன்றும் ஒவ்வொரு கடைக்குள்ளும் இருக்கிறது. சிங்கள வாடிக்கையாளரிடம் மட்டக்களப்புப் பிள்ளை பேசும் சிங்களம், லண்டனிலிருந்து வந்த அன்ரி பவுண்ஸ் கணக்கில் பேரம் பேசுவது, நாற்பது சேலை விரித்துப் பார்த்துவிட்டு "நாளைக்கு வாறன்" என்று போகும் குடும்பம், அவர்கள் போனபிறகு அந்த நாற்பதையும் மடிக்கும் நேரத்தில் நடக்கும் பேச்சு. இதைவிட என்ன திரைக்கதை வேண்டும்?

இன்று 27,575 டொலர்கூட வேண்டாம். கையில் இருக்கும் தொலைபேசி போதும். யூடியூபிலும் டிக்டொக்கிலும் எங்கள் பெடியள் செய்யும் குறும்பகிடிகளில் திறமைக்குக் குறைவில்லை. குறைவது இடம்தான். அவற்றில் கடைப் பிள்ளை வந்தால் பெரும்பாலும் வாடிக்கையாளரின் பக்கத்திலிருந்தே பார்க்கப்படுகிறார். அவருடைய உச்சரிப்பும் அவருடைய தெரியாத்தனமும் பகிடியாகின்றன. கெவின் ஸ்மித் செய்த பெரிய வேலை கமராவைக் காசு மேசைக்குப் பின்னால் வைத்ததுதான். அங்கிருந்து பார்த்தால் சிரிப்புக்குரியவர்கள் நாங்கள், வாங்க வருபவர்கள்.

ஆபத்தும் உண்டு. நியூ ஜேர்சியில் அந்தக் கடைக்காரர் தன் கடைக்குள் படமெடுக்க அனுமதித்தார். இங்கே முதலாளியைப் பகிடி பண்ணி ஒரு காணொளி போட்டால் மறுநாள் வேலை இருக்காது. அடுத்த கடைக்கும் செய்தி போய்விடும். கடன் கட்டும் தாய் ஊரில் இருக்கும்போது துணிச்சலைப் பற்றிப் பிரசங்கம் செய்ய எனக்கு உரிமையில்லை. இதனால்தான் நியமனக் கடிதமும் சேமலாப நிதியும் வேறு விடயம், சிரிப்பு வேறு விடயம் என்று நான் நினைக்கவில்லை. எழுத்தில் வேலை உள்ளவன்தான் வேலையைப் பற்றிப் பகிடி விடலாம்.

வாசகர்களில் பலர் அடுத்த பண்டிகைக்குச் சேலையோ வேட்டியோ வாங்க வெள்ளவத்தைக்கோ கொட்டாஞ்சேனைக்கோ போவீர்கள். வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் மூட்டை மூட்டையாக வாங்குவீர்கள். விலை குறைக்கச் சொல்லி முதலாளியோடு பேசும் அந்த ஐந்து நிமிடத்தில் இன்னொரு கேள்வியும் கேட்கலாம். இந்தப் பிள்ளைகள் எங்கே உட்காருகிறார்கள் என்று. எங்கள் ஆட்களின் கடை, எங்கள் ஆட்களின் பிள்ளை, கேட்பவரும் எங்கள் ஆள். கேட்பதில் தவறில்லை. ஒரு பிளாஸ்ரிக் கதிரையின் விலை நீங்கள் பார்க்கும் எந்தச் சேலையின் விலையையும்விட அதிகமாக இருக்காது.